கல்லுக்குள் ஜாதகம்

வானத்திலிருந்து விழும் கற்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். எப்போதாவது வந்து விழும் வேறு ரகத்தை அடையாளம் காண விஞ்ஞானிகளுக்குத் தேவை, தலைமுடியைவிட மெல்லிய ஒரு சீவல்.

2022 ஆகஸ்ட் 17. குஜராத் மாநிலம் பனஸ்காந்தா மாவட்டம், தியோதர் தாலுகா. பொழுது சாயும் நேரத்தில் ஜெட் விமானம் தாழப் பறப்பது போன்ற இரைச்சல் கேட்டது. ரந்திலா கிராமத்தில் ஒரு கல் வேப்பமரக் கிளையில் மோதித் துண்டு துண்டாகச் சிதறியது. பக்கத்திலிருந்த ராவேல் கிராமத்தில் இன்னொரு துண்டு ஒரு வீட்டு முகப்பின் தரை ஓட்டை உடைத்துக்கொண்டு விழுந்தது. ரந்திலாவில் கிடைத்ததில் பெரிய துண்டு சுமார் 200 கிராம். ராவேல் துண்டு 20 கிராம். இரண்டையும் சேர்த்தால் கால் கிலோ தேறாது.

ஆனால் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டுகளைச் சீவிப் பார்த்தவர்களுக்கு அது சாதாரணக் கல் அல்ல என்பது விளங்கியது. ஏறக்குறைய முழுவதும் பைராக்ஸீன் என்ற ஒரே குடும்பத்துக் கனிமம். அதிலும் இரும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இந்த ரகத்துக்கு 'ஆப்ரைட்' என்று பெயர். 1836இல் பிரான்சின் ஆப்ரே என்ற ஊரில் விழுந்த கல்லால் வந்த பெயர். இந்தியாவில் இதற்கு முன் ஒரே ஒரு ஆப்ரைட்தான் விழுந்திருக்கிறது. அது உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில், 1852 டிசம்பர் 2 அன்று. அடுத்ததற்கு 170 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

விண்கல் என்றால் கன்னங்கரேலென்று கனமான இரும்புக் குண்டு என்பது பலருடைய நினைப்பு. உண்மையில், விழுவதைக் கண்ணால் பார்த்து எடுக்கப்பட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் வெறும் கல்தான். இரும்பு விண்கற்கள் ஐந்து சதவிகிதத்தை ஒட்டி. கல்லும் இரும்பும் கலந்தவை ஒரு சதவிகிதம். அந்தக் கல் ரகத்திலும் பெரும்பான்மை 'சாதாரண காண்ட்ரைட்' என்ற ஒரே கூட்டம். மொத்த வரவில் ஐந்தில் நான்கு பங்கை இந்தக் கூட்டமே அடைத்துக்கொள்கிறது. மீதியிருக்கும் சொற்ப இடத்தில்தான் செவ்வாய்க் கிரகத்துக் கல்லும், வெஸ்டா என்ற குறுங்கோளின் கல்லும், எங்கிருந்து வந்தது என்றே சொல்ல முடியாத கற்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வெளித்தோற்றத்தை வைத்து இவற்றைப் பிரிப்பது ஆபத்து. காற்று மண்டலத்தில் உரசி வரும்போது மேற்புறம் உருகி ஓர் ஓடு படிந்துவிடுவதால் பெரும்பாலானவை கறுப்பாகவே வந்து சேர்கின்றன. ஆப்ரைட் போன்ற இரும்பில்லாத கல்லுக்கோ ஓடுகூட வெளிறிப்போய்விடும். வயலில் கிடந்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எனவே கல்லை அறுக்கிறார்கள். ஒரு சிறு துண்டைக் கண்ணாடித் தகட்டில் பசை வைத்து ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்வரை தேய்க்கிறார்கள். அந்த அளவுக்கு வந்ததும் பாறை ஒளி ஊடுருவும் பொருளாகிவிடுகிறது. இரண்டு துருவமுனைப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சாம்பல் நிறக் கல் திருவிழா மைதானமாகிவிடும். ஒலிவின் என்ற கனிமம் நீலம், ரோஜா, பச்சை என்று ஜொலிக்கும். பைராக்ஸீன் பெரும்பாலும் சாம்பலும் மங்கிய மஞ்சளுமாக அடக்கமாக இருக்கும். உலோகத்தின் வழியே ஒளி புகாது, கறுப்பாகவே நிற்கும். மேலிருந்து விளக்கடித்தால் வெள்ளியாக மின்னும்.

இந்த உத்தியை விண்கல்லின் மேல் முதலில் பிரயோகித்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி சோர்பி. 1860களில் அவர் கண்ணில் பட்டது, கல் முழுக்க இறைந்து கிடந்த சின்னஞ்சிறு உருண்டைகள். கடுகளவு, அதிலும் சிறியவை. இவை ஒரு காலத்தில் அந்தரத்தில் மிதந்த நெருப்புத் துளிகளாக இருந்து உறைந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். முடிவு சரிதான். காண்ட்ரூல் எனப்படும் இந்த உருண்டைகள் சூரியக் குடும்பம் பிறந்த காலத்தவை, சுமார் 456 கோடி ஆண்டு வயது. பூமியின் எந்தப் பாறையிலும் இவை கிடையாது. இவற்றை எது உருக்கியது என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

உருண்டை இருந்தால் காண்ட்ரைட். இல்லாவிட்டால் ஏகாண்ட்ரைட். அதாவது, அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்த பாறை. இது முதல் பிரிவினை. அடுத்த பிரிவினைக்கு வழி சொன்னவர் லண்டன் மியூசியத்தின் ஜார்ஜ் பிரையர். கல்லில் தனி உலோகமாக இருக்கும் இரும்பு குறையக் குறைய, ஒலிவின், பைராக்ஸீன் படிகங்களுக்குள் நுழைந்திருக்கும் இரும்பு கூடுகிறது என்று 1920 வாக்கில் அவர் காட்டினார். இதன் பொருள் எளிது. எவ்வளவு ஆக்சிஜன் இருந்த சூழலில் ஒரு கல் பிறந்தது என்பதை அதன் இரும்பே எழுதி வைத்திருக்கிறது. இன்றைக்கு எலெக்ட்ரான் மைக்ரோபுரோப் என்ற கருவி, ஒவ்வொரு படிகத்தையும் எலெக்ட்ரான் கற்றையால் தொட்டு அதிலுள்ள இரும்பின் சதவிகிதத்தைச் சொல்லிவிடுகிறது. ஒலிவினில் இரும்பு வகையின் பங்கு 16 முதல் 20 சதவிகிதம் என்றால் 'எச்' கூட்டம். 22 முதல் 26 என்றால் 'எல்'. அதற்கும் மேலே 'எல்எல்'.

கனிமம் பிறப்பைச் சொல்கிறது என்றால், அதற்குப் பின் நடந்ததைக் கல்லின் இழையமைப்பு சொல்கிறது. உருண்டைகளின் விளிம்பு பளிச்சென்று, உள்ளே கண்ணாடிப் பொருள் கெடாமல் இருந்தால் அந்தக் கல் சூடு காணாதது, எண் 3. தாய்க்கோளின் உட்புறத்தில் நெடுங்காலம் வெந்திருந்தால் உருண்டைகள் சுற்றுப்புறத்தோடு கரைந்து மங்கிவிடும்; எண் 6. வேகாமல் தண்ணீரில் ஊறிய கற்களுக்கு 2, 1. அமெரிக்காவின் வான் ஷ்மஸ், வுட் இருவரும் 1967இல் வகுத்த இந்த வரிசையே இன்றும் நடப்பில் இருக்கிறது. 1976 ஜனவரியில் குஜராத்தின் தஜாலாவில் விழுந்த கல்லுக்கு எச்3.8 என்று தசமப் புள்ளி போட்டிருப்பதைப் பார்த்தால் இந்தத் துறையினர் எவ்வளவு கறார் என்று புரியும். 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் பக்கத்தில் முகுந்த்புராவில் வயலில் குழி பறித்து விழுந்த கல் நேர் எதிர். கைபட்டால் உதிரும் கரிக்கல், தண்ணீரில் ஊறிப் பிறந்த களிமண் வகைக் கனிமங்கள் நிறைந்தது. அது சிஎம்2.

உருகிய கற்களின் கதை வேறு. ராஜஸ்தானில் 1990களில் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு அபூர்வங்கள் வந்து விழுந்தன. 1994 அக்டோபர் 30 அன்று ஜோத்பூர் மாவட்டம் லோஹாவட்டில் ஒன்று. 1996 ஜூன் 20 அன்று பாலி மாவட்டம் பிப்லியா கலானில் ஒன்று. இரண்டாவதைச் சீவிப் பார்த்தபோது காணப்பட்டது, தக்காணப் பீடபூமியின் கருங்கல்லைப் பார்த்தவர்களுக்குப் பழகிய தோற்றம். மெல்லிய பெல்ட்ஸ்பார் சில்லுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, இடைவெளிகளைப் பைராக்ஸீன் அடைத்திருந்தது. எரிமலைக் குழம்பு வேகமாக ஆறினால் இப்படித்தான் ஆகும். இந்த ரகத்துக்கு 'யூக்ரைட்' என்று பெயர். லோஹாவட் கல்லோ, பல பாறைகள் மோதி நொறுங்கி மீண்டும் ஒட்டிக்கொண்ட கலவை, 'ஹோவர்டைட்'. இரண்டும் வெஸ்டா குறுங்கோளிலிருந்து பெயர்ந்தவை என்பது நெடுநாள் அனுமானம். வெஸ்டாவின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமாலை யூக்ரைட்டோடு ஒத்துப்போவது 1970இலேயே தெரிந்திருந்தது. 2011-12இல் நாஸாவின் டான் விண்கலம் வெஸ்டாவைச் சுற்றிவந்த பின் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

பிப்லியா கலான் கல் அதற்கும் முன்பே தன் பங்கைச் செய்துவிட்டிருந்தது. அகமதாபாத்தில் ஜே.என். கோஸ்வாமி, நரேந்திர பண்டாரி ஆகியோர் அடங்கிய குழு அதன் பெல்ட்ஸ்பார் படிகங்களில் மக்னீஷியம்-26 இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்தது. அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு சிதைந்தால்தான் இது வரும். அந்த அணுவின் அரையாயுள் சுமார் 7 லட்சம் ஆண்டுகளே. ஆக, சூரியக் குடும்பம் தோன்றிச் சில மில்லியன் ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு குறுங்கோள் உருகி, எரிமலை கக்கி, ஆறியும் விட்டது. சின்னஞ்சிறு கோள் உருக எங்கிருந்து கிடைத்தது சூடு என்ற பழைய கேள்விக்கு இது நேரடியான தடயம். 1999இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வுக்குப் பயன்பட்டது ராஜஸ்தானில் இரவில் விழுந்த ஒரு கல்லின் சில படிகங்கள். கோஸ்வாமி பிற்பாடு சந்திரயான்-1 திட்டத்தின் முதன்மை விஞ்ஞானியானார்.

விண்கற்களுக்கு விழுந்த இடத்தின் பெயரையே சூட்டுவது வழக்கம். அதனால் விண்கல் விஞ்ஞானத்தின் அகராதியில் சில இந்திய ஊர்கள் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டன. பீகாரின் கயா மாவட்டத்தில் உள்ள ஷேர்காட்டி, உள்ளூரில் பலருக்கு ஒரு சந்தை ஊர். ஆனால் செவ்வாயிலிருந்து வந்த கற்களில் பெரும்பான்மையை உலகமே 'ஷேர்காட்டைட்' என்கிறது. 1865 ஆகஸ்ட் 25 அன்று அங்கே விழுந்த 5 கிலோ கல்தான் காரணம். 1872இல் வியன்னாவின் குஸ்டாவ் செர்மாக் அதை ஆராய்ந்தபோது, பெல்ட்ஸ்பாராக இருந்திருக்க வேண்டிய இடமெல்லாம் படிக வடிவம் மாறாமல் கண்ணாடியாகியிருந்தது. பயங்கர மோதலின் அதிர்ச்சியில் ஆன மாற்றம் அது என்பது பின்னால் விளங்கியது. செர்மாக் அதற்கு மாஸ்கெலினைட் என்று பெயரிட்டார். கல்லின் வயதைக் கணித்தவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி. குறுங்கோள் பாறைகள் 450 கோடி ஆண்டுக் கிழங்கள்; ஷேர்காட்டியோ 20 கோடி ஆண்டுக்கும் குறைவு. அவ்வளவு சமீபத்தில் எரிமலை இருந்த இடம் எது? அண்டார்டிகாவில் கிடைத்த இதே ரகக் கல் ஒன்றின் கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருந்த வாயுக்களை 1983இல் அளந்து, வைக்கிங் விண்கலங்கள் 1976இல் செவ்வாயில் அளந்த காற்றோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது.

பஸ்தி கல்லுக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சிதைக்காமல் அப்படியே லண்டனுக்கு அனுப்பி வைத்தவர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர். பிரிட்டிஷ் மியூசியத்தில் நெவில் ஸ்டோரி-மாஸ்கெலின் அதில் அதுவரை அறியப்படாத இரு கனிமங்களைக் கண்டார். ஒன்று கால்சியம் சல்ஃபைடு; அன்றைய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம் நினைவாக அது ஓல்டாமைட் ஆயிற்று. மற்றது பொன்னிறத்தில் மின்னும் டைட்டானியம் நைட்ரைடு துணுக்குகள். அனுப்பியவரின் சிரத்தைக்கு நன்றியாக ஆஸ்போர்னைட். ஓல்டாமைட்டுக்கு ஒரு பலவீனம்: ஈரம் பட்டால் சிதைந்துவிடும். பூமிப் பாறைகளில் அதைத் தேடிப் பயனில்லாததற்கும் இதுவே காரணம். தியோதர் கல் மழைக்கால ஆகஸ்டில் வெட்டவெளியில் சில வாரம் கிடந்திருந்தால் அதன் சாட்சியத்தில் ஒரு பகுதி கரைந்திருக்கும். உடனடியாகப் பொறுக்கப்பட்டது அதிர்ஷ்டம்.

1868இல் முல்தான் பக்கம் லோத்ரானில் விழுந்த கல் 'லோத்ரனைட்' என்ற வகுப்புக்குப் பெயர் கொடுத்தது. பாதி உருகி, குழம்பு வடிந்துபோய், எஞ்சிய சக்கை அது. ஊர் இப்போது பாகிஸ்தானில். பிரிவினை விண்கல் அட்டவணையைத் தொடவில்லை.

இந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அதிகம் பேருக்குத் தெரியாது. 1890 ஜூன் 4 அன்று அப்போதைய சேலம் ஜில்லாவில், திருப்பத்தூருக்குத் தெற்கே காகங்கரையில் இரண்டு கற்கள் விழுந்தன. சேர்ந்த எடை சுமார் 350 கிராம். ஆங்கிலேயர் பதிவேட்டில் ஊர்ப் பெயர் 'காகங்காரி' ஆயிற்று. எண்பது ஆண்டுக்கு மேல் அது ஏதோ ஒரு காண்ட்ரைட் என்ற அளவில் பெட்டியில் உறங்கியது. 1974இல் லண்டனைச் சேர்ந்த கிரஹாம், ஹட்சிசன் என்ற இருவர் அதை மீண்டும் எடுத்துப் பார்த்து, 'இது எந்தக் கூட்டத்திலும் சேராதே?' என்று கேள்வி எழுப்பினார்கள். உருண்டைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள மாவுப் பொருள் ஏராளம். மற்ற காண்ட்ரைட்டுகளில் அந்த மாவில் இரும்பு மிகுந்த ஒலிவின் மேலோங்கும். இதிலோ இரும்பு குறைந்த என்ஸ்டடைட். ஆக்சிஜன் கிடைத்த அளவைப் பார்த்தால் 'எச்' கூட்டத்துக்கும் என்ஸ்டடைட் கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது.

கடைசித் தீர்ப்பை ஆக்சிஜன் ஐசோடோப்புகள் கொடுத்தன. 16, 17, 18 என்ற மூன்று எடைகளில் வரும் ஆக்சிஜன் அணுக்களின் கலவை ஒவ்வொரு தாய்க்கோளுக்கும் ஒரு மாதிரி என்று 1973இல் சிகாகோவின் ராபர்ட் கிளேட்டன் குழு காட்டியிருந்தது. கைரேகை போல. காகங்காரியின் ரேகை கரிக்கற்களின் பக்கம் சாய்கிறது. உடம்போ கரிக்கல் இல்லை. அண்டார்டிகாவில் ஒன்று, நியூ மெக்ஸிகோவில் ஒன்று என்று சாயலில் ஒத்த இரண்டு கிடைத்த பிறகு, 1996இல் வைஸ்பெர்க் என்ற அமெரிக்கரும் சகாக்களும் மூன்றையும் சேர்த்து 'கே' என்று எழுத்துக் கொடுத்தார்கள். கே என்றால் காகங்காரி. ஆனால் குறைந்தது ஐந்து கற்களாவது இருந்தால்தான் முழு அந்தஸ்துள்ள 'குழு' என்பது இத்துறையின் நடைமுறை. அதனால் காகங்காரிக்குக் கிடைத்தது 'குறுங்குழு' என்ற இரண்டாந்தர நாற்காலி. சூரியக் குடும்பத்தில் எங்கோ இருந்த, இருக்கக்கூடிய ஒரு முழுக் கோளின் சாட்சியமாகக் கையிலிருப்பவை இப்படி ஒரு சில கற்களே. ஆராயும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அறுபடுகிறது, கொஞ்சம் கரைக்கப்படுகிறது.

அதே வட்டாரம் 2016 பிப்ரவரியில் தலைப்புச் செய்தியானது. காகங்கரையிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஏற்பட்ட வெடிப்பில் ஒரு பஸ் டிரைவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததே காரணம் என்று மாநில அரசு அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் படங்களைப் பார்த்த நாஸா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலவே இருக்கிறது என்றார்கள். சர்வதேச விண்கல் பட்டியலில் அந்தச் சம்பவம் ஏறவில்லை. பெயர் ஏற வேண்டுமானால் கனிமம், இழையமைப்பு, வகுப்பு எல்லாம் சொல்லியாக வேண்டும். மொத்தக் கல்லில் 20 கிராமோ 20 சதவிகிதமோ, எது குறைவோ அதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் மாதிரியாக ஒப்படைத்தாக வேண்டும்.

வகுப்பைப் பொறுத்தே விலையும். 2023இல் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் கிடைத்த 24 கிலோவுக்கும் அதிகமான கல் 2025 ஜூலையில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து, கட்டணங்கள் உட்பட 53 லட்சம் டாலருக்குப் போனது. அது ஒரு ஷேர்காட்டைட். அது எப்படி நாட்டைவிட்டு வெளியேறியது என்று நைஜர் அரசு விசாரணை அறிவித்தது. சாதாரண காண்ட்ரைட்டாக இருந்திருந்தால் அந்த எடைக்கு இந்தப் பரபரப்பு இருந்திருக்காது. பீகாரின் அசல் ஷேர்காட்டியில் பெரும்பகுதி இன்னும் கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் பத்திரமாக இருக்கிறது. இந்தியாவில் விழும் விண்கற்களுக்கு அதிகாரபூர்வக் காப்பாளர் இந்தத் துறைதான்.

அதற்காக, சாதாரண ரகம் என்றால் குப்பையில் போடலாம் என்று அர்த்தமில்லை. 2012 மே 22 அன்று மகாராஷ்டிரத்தின் காட்டோலில் விழுந்தது எல்6; ரகத்தில் படு சாதாரணம். காரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு அதன் அதிர்ச்சி நரம்புகளைத் துழாவி, 2021இல் பிரிட்ஜ்மனைட் கண்டதாக அறிவித்தது. பூமியின் கீழ் மேன்டிலில், யாரும் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில், மிக அதிகமாக இருக்கும் கனிமம் அது.

சிக்கல் எல்லாம் கல் விழுந்த முதல் சில மணி நேரத்தில்தான். 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில், விழுந்த கல்லைச் சாமியாக வைத்துக் கும்பிட்ட கிராமங்களும் உண்டு. விஞ்ஞானத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை, உடையாமலாவது இருக்கும். உடைத்து ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டால்தான் கஷ்டம். தண்ணீரில் கழுவினால் ஓல்டாமைட் போன்றவை போய்விடும், உலோகம் துருப்பிடிக்கும். விண்கல்லா என்று சோதிக்கக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்கிற காரியம். கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்திருக்கும் ஆதி காந்தப் பதிவை அது ஒரு நொடியில் அழித்துவிடும். விழுந்த இடத்தைப் படமெடுத்து, வெறுங்கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்துத் தாசில்தாருக்கோ போலீசுக்கோ தகவல் சொன்னால் போதும். அங்கிருந்து கல் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போய்ச் சேரும்.